நீலக்கல் தேடின மலை, கண்ணாடிக் கல்லால் பிழைத்த ஊர்



போன இதழில் உப்பளம் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு நேரில் வந்து சொன்னவர்களுக்கு நன்றி. (எழுத்துப்பிழையைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டுப் போனவருக்கும் நன்றி!) இந்தத் தடவை "கண்ணாடி பத்தி எழுதேன்" என்று வேதியியல் டீச்சர் சொன்னாங்க. கண்ணாடி என்றால் எங்கே ஆரம்பிப்பது, ஜன்னலா, டெஸ்ட் ட்யூபா, மூக்குக்கண்ணாடியா? நூலகத்தில் புரட்டிக்கொண்டே போனபோது ஒரு மலை என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த ஒரே மலையில் ரத்தினக்கல் தேடினவர்களும் இருந்தார்கள், கண்ணாடி உருக்கினவர்களும் இருந்தார்கள். ஒரு தொழில் இன்னொரு தொழிலுக்குள் எப்படி நுழைந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம்தான், இரண்டு சார்ட் ஒட்டியிருக்கிறோம். இடைவேளைக்கு ஒன்று, சாப்பாட்டு நேரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அட்லஸை எடுத்து ஐரோப்பாவைப் பாருங்க. நடுவில் செக் குடியரசு இருக்கும். அதன் வடக்கு ஓரத்தில், போலந்து எல்லையை ஒட்டி, யிசெரா மலைகள். ரொம்ப உயரமெல்லாம் இல்லை. செக் பக்கத்தில் உச்சி 1,124 மீட்டர், நம்ம கொடைக்கானலில் பாதி. ஆனால் குளிர் கடுமை, பனி பல மாதம் கிடக்கும், மண்ணில் சத்து இல்லை, விவசாயம் செய்து வயிறு நிறையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். மலையடிவாரத்தில் யாப்லொனெட்ஸ் என்ற ஊர், கிட்டத்தட்ட 45,000 பேர். அவர்கள் மொழியில் ஆப்பிள் மரத்தைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்த பேராம். மேலே, ஏறக்குறைய 860 மீட்டர் உயரத்தில், யிசெர்கா என்று ஒரு குட்டிக் கிராமம். முதலில் மேலே ஏறுவோம்.

யிசெர்காவில் ஒரு சின்ன ஓடை இருக்கிறது. அதன் பெயரே நீலக்கல் ஓடை! அந்த மணலில் நீலக்கல், சிர்க்கான், ஸ்பினல் என்று பல ரத்தினக் கற்கள் கிடைத்தன. ஐரோப்பாவில் நீலக்கல் கிடைக்கிற இடங்கள் ரொம்பக் குறைவு, அதில் இது பேர் பெற்றது. கல் என்றதும் புளியங்கொட்டை அளவு நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான், கடுகுக்கு அண்ணன். கூடவே கறுப்பாக, கனமாக இன்னொரு கனிமமும் கிடைக்கும். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தது. இந்த மலையின் பெயரையே வைத்து அதற்கு இசெரின் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

ஓடை மணலில் அவ்வளவு சின்னக் கல்லை எப்படிக் கண்டுபிடிப்பது? இதில்தான் இயற்பியல் வருது. சாதாரண மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், நம்ம ஊரில் வெங்கச்சங்கல் என்கிறோமே, அதன் பொடி. அதன் அடர்த்தி 2.65. நீலக்கல்லுக்கு 4. சிர்க்கானுக்கு 4.6 வரை. ஓடுகிற தண்ணீர் லேசானதை அடித்துக்கொண்டு போகும். கனமானது பாறை இடுக்கிலும் வளைவின் உட்பக்கத்திலும் தங்கிவிடும். அந்த இடத்து மணலை ஒரு தட்டில் அள்ளி, தண்ணீரோடு சுற்றிச் சுற்றி ஆட்டினால் மேலே இருக்கிற வெள்ளை மணல் வழிந்து போகும், அடியில் கறுப்பு வண்டல் நிற்கும். அதற்குள்ளேதான் நீலம் இருக்கணும். அம்மா முறத்தில் அரிசி புடைக்கிறாங்களே, கிட்டத்தட்ட அதே வேலை, காற்றுக்குப் பதில் தண்ணீர்.

பதினாறாம் நூற்றாண்டில் இந்த மலைகளுக்கு வெளிநாட்டு ஆட்கள் கல் தேடி வந்தார்கள். இத்தாலிக்காரர்கள், வெனிஸ்காரர்கள் என்று கிராமத்துக் கதைகள் சொல்கின்றன. கோடையில் வருவார்களாம், பாறையில் ரகசியக் குறி போடுவார்களாம், பையை நிரப்பிக்கொண்டு போய்விடுவார்களாம். ஊர்க்காரனுக்கு அது வெறும் கல். மேய்கிற மாட்டை விரட்ட ஒரு கல்லை எடுத்து எறிவான், எறிந்த கல் மாட்டைவிட விலை அதிகம் என்று ஒரு பேச்சு அந்தப் பக்கமெல்லாம் உண்டு. கதைதான். ஆனால் அந்தப் பேச்சில் இருக்கிற எரிச்சல் நிஜம் என்று எனக்குத் தோணுது. நம்ம காலடியில் இருப்பதன் மதிப்பு நமக்குத் தெரியாமல், வெளியிலிருந்து வந்தவனுக்குத் தெரிந்தால் யாருக்குத்தான் எரியாது?

இந்தக் கற்களுக்கு அப்போது பெரிய வாடிக்கையாளர் பிராகா நகரத்து அரண்மனையில் இருந்தார். பேரரசர் இரண்டாம் ருடால்ஃப். (1612-இல் இறந்தார்.) ஓவியம், கடிகாரம், விசித்திரமான விலங்கு என்று எதையும் சேர்ப்பார். அதிலும் கல் என்றால் உயிர். அவர் அரண்மனையில் கல் பட்டை தீட்டுகிறவர்களும் செதுக்குகிறவர்களும் சம்பளத்துக்கு இருந்தார்கள். அதில் ஒருவர் காஸ்பர் லேமான். கல்லில் உருவம் செதுக்க, சுழல்கிற சின்னச் செம்புச் சக்கரமும் எண்ணெயில் குழைத்த உராய்பொடியும் பயன்படுத்துவார்கள். லேமான் அதே சக்கரத்தைக் கண்ணாடிக் கோப்பை மேல் வைத்தார். கல்லைவிடக் கண்ணாடி மெத்து, வேலை ஓடியது! கண்ணாடியில் செதுக்குகிற தனி உரிமையை 1609-இல் பேரரசர் அவருக்குக் கொடுத்தார். கல் வேலைக்காரன் கருவி கண்ணாடி வேலைக்குள் நுழைந்தது அங்கேதான். கதையின் முடிச்சு இது.

சரி, கண்ணாடி எங்கிருந்து வந்தது? அதுவும் அதே மலையிலிருந்துதான்.

கண்ணாடிக்கு மூலம் மணல்தான், அதாவது குவார்ட்ஸ். அது உருக 1,700 டிகிரி வேண்டும். அந்தக் காலத்து விறகு உலையில் அவ்வளவு சூடு வராது. அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள்: சாம்பல். மரத்தை எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரைப் பானையில் வற்ற வைத்தால் ஒரு உப்பு கிடைக்கும். அதுதான் பொட்டாஷ், நம்ம பாடத்தில் வருகிற பொட்டாசியம் கார்பனேட். இதைக் குவார்ட்ஸ் பொடியோடு சேர்த்தால் உருகுகிற வெப்பநிலை நூற்றுக்கணக்கான டிகிரி இறங்கிவிடும். ஆனால் ஆயிரம் கிலோ மரத்தை எரித்தால் எவ்வளவு பொட்டாஷ் கிடைக்கும் தெரியுமா? மரத்தைப் பொறுத்து அரைக் கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரைதான்! உலைக்கு விறகு வேறு தனி. கண்ணாடிக்காரன் நிஜத்தில் மணலை உருக்கவில்லை, காட்டை உருக்கினான் என்று சொல்லலாம்.

அதனால் அந்தக் காலத்து உலைகள் ஒரே இடத்தில் நிற்கவில்லை. சுற்றிலும் காடு தீர்ந்ததும் உலையைக் கைவிட்டு மேலே போவார்கள். இப்போது யாப்லொனெட்ஸ் நகரத்துக்குள்ளேயே இருக்கிற ம்ஷெனோ என்ற இடத்தில் 1548-இல் ஒரு உலை எரிந்தது. பிறகு நூற்றாண்டு நூற்றாண்டாக உலைகள் மலைமேல் ஏறின. ரீடல் என்ற குடும்பம் 1775-இல் நடுக்காட்டில் கிறிஸ்தியானொவ் என்ற கண்ணாடிக் கிராமத்தைத் தொடங்கியது. உலை, வேலைக்காரர் வீடுகள் என்று ஒரு சின்ன உலகமே இருந்தது. 1887-இல் கண்ணாடிக்கூடம் தீப்பிடித்து எரிந்தது. கிராமமும் காலியானது. இப்போது அங்கே மரங்களுக்கு நடுவே ஒரு கல்லறைத் தோட்டமும் ஒரு பழைய வீடும் மட்டும்தான். நீலக்கல் ஓடை இருக்கிற யிசெர்காவுக்கும் அதே ரீடல் குடும்பம் 1829-இல் வந்து உலை வைத்தது. கல் தேடின இடத்திலேயே கண்ணாடி! 1911-இல் அதுவும் அணைந்தது.

பச்சை நிறம் பற்றி ஒரு வார்த்தை. மணலில் இரும்பு கலந்திருந்தால் கண்ணாடி பச்சையடிக்கும். பழைய காட்டுக் கண்ணாடி எல்லாம் பச்சைதான். பிறகு சுத்தமான குவார்ட்ஸ், சுண்ணாம்பு சேர்த்துத் தெளிவான கண்ணாடி செய்யக் கற்றார்கள். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் இந்த நாட்டுக் கண்ணாடி வெனிஸ் கண்ணாடியையே சந்தையில் பின்னுக்குத் தள்ளியது. வெனிஸ்காரன் கண்ணாடி மெலிசு, செதுக்கினால் உடையும். இவர்களுடையது கனம், சக்கரத்துக்குத் தாங்கும். லேமான் சக்கரம் ஞாபகம் இருக்கிறதா? அதற்கு இப்போது ஏற்ற கண்ணாடியும் கிடைத்துவிட்டது.

இனி விஷயத்தின் நடுவுக்கு வருவோம். யாப்லொனெட்ஸுக்குப் பக்கத்தில் டுர்னோவ் என்று ஒரு ஊர். அங்கே பரம்பரையாகக் கல் பட்டை தீட்டுகிறவர்கள். (1884-இல் அங்கே கல் வேலைக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள்.) அசல் கல்லுக்கு விலை அதிகம், வாங்க ஆள் குறைவு. கண்ணாடியில் ஈயம் சேர்த்தால் ஒளியை நன்றாக வளைக்கும், ஜொலிக்கும். கோபால்ட் போட்டால் நீலம், செம்பு போட்டால் பச்சை, தங்கம் துளி போட்டால் சிவப்பு. அதைப் பட்டை தீட்டினால்? பதினெட்டாம் நூற்றாண்டில் டுர்னோவ்காரர்கள் கண்ணாடியில் கல் செய்ய ஆரம்பித்தார்கள். தொழில் பக்கத்து ஊர்களுக்குப் பரவி, கடைசியில் யாப்லொனெட்ஸ் அதன் தலைநகரம் ஆகிவிட்டது. ஓடையில் குனிந்து குனிந்து கடுகளவு நீலக்கல் தேடின மலை, அதே மலையின் மணலிலிருந்து கொட்டைப்பாக்கு அளவு நீலக்கல் செய்து விற்றது!

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று. போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். எங்கம்மா சிவப்புக்கல் தோடு போட்டிருந்தாங்க. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவங்க உற்றுப் பார்த்துவிட்டு, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "இது வெறும் கண்ணாடிக் கல்லுதானே?" என்றார்கள். அம்மா சிரிச்சு சமாளிச்சாங்க. வீட்டுக்கு வந்ததும் கழற்றி டப்பாவில் போட்டாங்க, அப்புறம் எடுக்கவே இல்லை. 'வெறும்' என்ற அந்த வார்த்தை எனக்கு ஆறவே இல்லை. அதனால்தான் ஒரு கண்ணாடிக் கல்லைச் செய்ய என்னென்ன வேண்டும் என்று தேடிப் படித்தேன். கேளுங்க.

முதலில் கண்ணாடிக்கூடத்தில் கலர் கண்ணாடியை உருக்கி நீளமான குச்சிகளாக இழுப்பார்கள். அந்தக் குச்சிகளை மலையடிவாரத்து வீடுகளுக்கும் சின்னப் பட்டறைகளுக்கும் வாங்கிப் போவார்கள். அங்கே ஒருவர் குச்சி நுனியைச் சூட்டில் இளக்கி, அச்சு வைத்த இடுக்கியால் ஒரு அழுத்து அழுத்துவார். கல் வடிவம் வந்துவிடும். மணி என்றால் அதே அழுத்தில் ஊசி குத்தி ஓட்டையும் விழும். அடுத்து ஓரத்தில் பிதுங்கியதை உடைத்து எடுக்க ஒரு கை. பட்டை தீட்ட ஒரு கை. மெருகு போட ஒரு கை. நிறம் பூச, நூலில் கோர்க்க, அட்டையில் தைக்க என்று வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும். மண் விளையாத ஊர் என்று சொன்னேனே, அதனால் குளிர்கால ராத்திரி முழுக்க வீட்டுக்கு வீடு இதுதான் வேலை. கூலி துண்டுக் கணக்கு, அதுவும் சொற்பம். லாபம் ஏற்றுமதி வியாபாரிக்கு. கண்ணாடித் தூசு நுரையீரலுக்குப் போனது தொழிலாளிக்கு. காதில் போடுகிற ஒரு பொட்டுக் கல்லுக்குப் பின்னால் இவ்வளவு பேர். இதை 'வெறும்' என்று எப்படிச் சொல்வது?

சாணைக்கல் சுற்றத் தண்ணீர் வேண்டும். மலை ஓடைகளின் கரையெல்லாம் பட்டை தீட்டும் பட்டறைகள் இருந்தன. 1897-இல் பெருவெள்ளம் வந்து அழித்ததால் ஓடைகளில் அணை கட்டினார்கள். வெள்ளத்தையும் தடுக்கலாம், பட்டறைகளுக்கு ஒரே சீராகத் தண்ணீரும் விடலாம் என்று கணக்கு. வெள்ளை தெஸ்னா ஆற்றில் கட்டிய மண் அணை 1915-இல் வேலைக்கு வந்தது. மறு வருஷமே, 1916 செப்டம்பர் 18-ஆம் தேதி, உடைந்தது. கீழே தெஸ்னா ஊரில் 62 பேர் செத்துப் போனார்கள். வீடுகளோடு பட்டறைகளும் போயின.

வேதியியல் பிரிவு நண்பர்களுக்கு ஒரு தனி விருந்து. ரீடல் குடும்பம் 1830-களில் மஞ்சளும் பச்சையும் கலந்து ஒளிர்கிற ஒரு கண்ணாடி செய்தது. குடும்பத்துப் பெண் ஒருத்தியின் பெயரால் அன்னா மஞ்சள், அன்னா பச்சை என்று பேர் வைத்தார்கள். அதில் கலந்தது என்ன தெரியுமா? யுரேனியம்! புற ஊதா ஒளியில் பளிச்சென்று பச்சையாக மின்னும். யுரேனியத்தை கிளாப்ரோத் 1789-இல் கண்டுபிடித்தார், அதில் கதிர்வீச்சு இருப்பது 1896 வரை யாருக்கும் தெரியாது. அதே நாட்டில் மேற்குப் பக்கம் இருக்கிற யாஹிமோவ் என்ற சுரங்க ஊரில்தான் யுரேனியத் தாதுவிலிருந்து கண்ணாடிக்கான நிறப்பொடியை எடுத்தார்கள். எடுத்த பிறகு மிஞ்சின சக்கையைக் கொட்டி வைத்திருந்தார்கள். மேரி கியூரி அந்தச் சக்கையை டன் கணக்கில் பாரிசுக்கு வரவழைத்து அதிலிருந்துதான் ரேடியத்தைப் பிரித்தார். கண்ணாடிக்குக் கலர் எடுத்த கழிவிலிருந்து ரேடியம்! இதை முதலில் படித்தபோது நான் வகுப்பிலேயே "ஆ!" என்று கத்திவிட்டேன்.

இப்போது நம்ம பக்கம். யாப்லொனெட்ஸ் வியாபாரிகள் உலகத்தின் ஒவ்வொரு மூலையிலும் என்ன விற்கும் என்று மாதிரி வாங்கி வந்து, அதே போலச் செய்து அனுப்புவார்கள். ஆப்பிரிக்காவுக்குப் பாசிமணி. இந்தியாவுக்கு? கண்ணாடி வளையல்! பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதின் தொடக்கத்திலும் அந்த மலையடிவாரத்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வளையல் வந்து குவிந்தது. சேலை கட்டினவரையே பார்த்திராத ஒரு பனிமலைக் குடும்பம் நம்ம ஊர்க் கல்யாணத்துக்கு வளையல் செய்தது! இதில் நமக்குச் சந்தோஷப்பட மட்டும் எதுவும் இல்லை. வெளிநாட்டு வளையல் மலிவாக வந்தால் உள்ளூர் வளையல்காரர் பாடு திண்டாட்டம்தானே? 1905 சுதேசி இயக்கத்தில் வங்காளத்துப் பெண்கள் அந்நியக் கண்ணாடி வளையல் வேண்டாம் என்றார்கள். 1914-இல் உலகப்போர் வந்தது. யாப்லொனெட்ஸ் அப்போது ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் இருந்தது, இந்தியா பிரிட்டன் கையில். இரண்டும் எதிரெதிர் அணி, சரக்கு நின்றுபோனது. இங்கே வாங்க ஆள் இல்லையென்றால் அங்கே ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. போன பாரா வரைக்கும் அந்த மலைக்காரர்கள் பக்கம் இருந்த நான், இந்தப் பாராவில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

அந்த மலையில் பிறந்த ஒருவர் உலகப் புகழ் பெற்றார். டேனியல் ஸ்வரோவ்ஸ்கி, 1862-இல் ஒரு சின்னக் கண்ணாடிக் கிராமத்தில் பிறந்தவர். கல்லைத் துல்லியமாகப் பட்டை தீட்டுகிற இயந்திரம் ஒன்றுக்கு 1892-இல் காப்புரிமை வாங்கினார். ஊரில் வைத்திருந்தால் பக்கத்துப் பட்டறைக்காரர் பார்த்துச் செய்துவிடுவார் என்ற பயம். 1895-இல் இயந்திரத்தோடு ஆஸ்திரிய மலைகளில் வாட்டென்ஸ் என்ற ஊருக்குப் போய்விட்டார். அங்கே ஓடைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்க வசதி. கடைகளில் இன்று பார்க்கிற அந்தப் பெயர் இவருடையதுதான்.

ஒருவர் தானாகப் போனார். ஊரே போகவேண்டிய நாளும் வந்தது. யாப்லொனெட்ஸில் பெரும்பாலோர் ஜெர்மன் பேசுகிறவர்கள். 1938-இல் ஹிட்லர் அந்தப் பகுதியைப் பிடுங்கிக்கொண்டார், அங்கிருந்த ஜெர்மன்காரர்களில் நிறையப் பேர் அதை வரவேற்கவும் செய்தார்கள். போரில் ஜெர்மனி தோற்றதும், 1945-46-இல், செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஏறக்குறைய முப்பது லட்சம் ஜெர்மன் மொழிக்காரர்களை வெளியேற்றினார்கள். ஹிட்லரை ஆதரித்தவன், ஆதரிக்காதவன், பாசி கோர்த்துக்கொண்டிருந்த கிழவி என்று பெரிதாகப் பிரித்துப் பார்க்கவில்லை. கையில் கொஞ்சம் மூட்டைதான் கொண்டுபோகலாம். உலையைக் கொண்டுபோக முடியுமா? அச்சு இடுக்கியை? ஆனால் கை பழகின வேலையை யாரும் சோதனை போட்டுப் பிடுங்க முடியாதே! ஜெர்மனியில் கௌஃப்போய்ரன் என்ற ஊருக்குப் பக்கத்தில், வெடிவைத்துத் தகர்த்த ஒரு பழைய வெடிமருந்துத் தொழிற்சாலையின் இடிபாட்டில் அவர்களில் பலர் குடியேறினார்கள். அங்கேயே மறுபடி நகைத்தொழில் ஆரம்பித்தார்கள். அந்தப் பகுதிக்குப் பழைய ஊரின் ஜெர்மன் பெயரையே வைத்தார்கள்: நொய்கப்லோன்ஸ், அதாவது புது யாப்லொனெட்ஸ்.

பழைய ஊரில் என்ன ஆனது? வேலை தெரிந்த சில ஜெர்மன்காரர்களைத் தொழில் நின்றுவிடக் கூடாது என்று அரசே நிறுத்தி வைத்துக்கொண்டது. அவர்களிடமும் தங்கள் பள்ளிகளிலும் செக் தொழிலாளர்கள் கற்றுக்கொண்டார்கள். தொழில் சாகவில்லை. இன்றும் செக் பாசிமணி உலகமெல்லாம் போகிறது. யாப்லொனெட்ஸில் கண்ணாடிக்கும் நகைக்கும் என்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. 2023 டிசம்பரில் யுனெஸ்கோ கையால் கண்ணாடி செய்கிற கலையைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. செக், ஜெர்மனி உள்பட ஆறு நாடுகள் சேர்ந்து கேட்டு வாங்கியது அது. வெளியேற்றின நாடும், வெளியேறினவர்கள் போய்ச் சேர்ந்த நாடும் ஒரே விண்ணப்பத்தில்!

மேலே யிசெர்காவில் இப்போது வீடுகள் கொஞ்சம்தான். ஓடைப்பக்கம் பாதுகாக்கப்பட்ட இடம், யாரும் தோண்டி கல் எடுக்கக் கூடாது.

கடைசியாக ஒரு சோதனை, வீட்டில் செய்யலாம். இயற்பியல் லேபில் கேட்டால் லென்ஸ் தருவாங்க. ஒரு கல்லை வெளிச்சத்தில் வைத்து லென்ஸ் வழியாகப் பாருங்க. உள்ளே உருண்டையாகக் காற்றுக் குமிழி தெரிந்தால் அநேகமாகக் கண்ணாடி. பட்டையின் ஓரம் கூர்மையாக இல்லாமல் மழுங்கி இருந்தாலும் அப்படித்தான், அச்சில் அழுத்தினது. நான் அம்மா தோட்டை டப்பாவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இடது தோட்டில் இரண்டு குமிழி, வலதில் ஒன்று.